அம்மாவின் சேலையில் ஒரு முழம் போதும்

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது.

அவருடைய அம்மா சென்ற ஆண்டு காலமானார். அம்மாவின் 14 சேலைகள் இவர் அலமாரியில் இருக்கின்றன. 9 பருத்தி, 5 பட்டு. பட்டில் ஒன்று அம்மாவின் கூறைப்புடவை. மகள் விரைவில் பினாங்கில் பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறாள். பாட்டியின் சேலைகளை வெட்டி, வெவ்வேறு அகலக் கீற்றுகளை மூலைவாட்டில் அடுக்கித் தைக்கும் 'ஸ்ட்ரிங் குவில்ட்' வகை ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றை, குவீன் கட்டில் அளவில், அவளுக்குத் தைத்துத்தர இவருக்கு ஆசை. சேலைகள் போக, 2 பாத்தேக் சாரோங், மகளின் இடைநிலைப்பள்ளிச் சீருடை, அப்பாவின் எட்டு முழ வேட்டி, தம்பி தைப்பூசத்துக்கு மஞ்சளில் நனைத்துக் கட்டிய வேட்டி, ஒரு ஜார்ஜெட் சேலை, ஒரு காற்பந்து ஜெர்சி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்.

ஒரு பருத்திச் சேலையை முழுதாக 2 அங்குலக் கீற்றுகளாக வெட்டியும் விட்டார். அவற்றை ஒன்றோடொன்று தைத்து, மூலைவாட்டில் சதுரமாக வெட்டியபோது ஓரங்கள் வில்லாக வளைந்துகொண்டன. 'கந்தல் மாதிரி இருக்கும்மா' என்று மகள் சொல்லிவிட்டாள். 'அம்மா சேலையில் கத்தரி வைக்காதே' என்று அக்கா கோபித்துக்கொண்டு போனவர் இன்னும் பேசவில்லை. எல்லாச் சேலையையும் வெட்டத்தான் வேண்டுமா, பட்டையும் பருத்தியையும் கலக்கலாமா, செய்தித்தாளை அடியில் வைத்துத் தைக்கலாமா, உள்ளே எவ்வளவு பஞ்சு வைப்பது, உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

துணியைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பாதிப் பதில், இந்தப் போர்வை எங்கே போகப்போகிறது என்பதில் இருக்கிறது. விடுதிக் கட்டில் குவீன் அளவு இருக்காது. நம் ஊர் சிங்கிள் மெத்தை 3 அடி அகலம், 6 அடி 3 அங்குல நீளம். அங்கே போர்வையை யாரும் கையால் அலசி நிழலில் உலர்த்தப் போவதில்லை. சுயசேவை டோபிக் கடையில் ஜீன்ஸோடு சேர்த்துப் போட்டு, சூடான உலர்த்தியில் சுற்றவிட்டு எடுத்து வருவாள். மடியில் வைத்துக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிடுவாள். அந்தப் பாட்டைத் தாங்கும் துணி மட்டும்தான் இந்தப் போர்வைக்குள் வரலாம். இதை முதலில் முடிவு செய்துவிட்டால், பட்டைக் கலக்கலாமா என்ற கேள்வி தானாகத் தீர்ந்துவிடும். கலக்கக் கூடாது.

எவ்வளவு துணி வேண்டும்?

உங்கள் அக்காவின் கோபத்துக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

தைத்து முடித்தபின் 8 அங்குலம் வரும் சதுரக் கட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்துக்கு 6, நீளத்துக்கு 10, மொத்தம் 60 கட்டம். அது 48-க்கு 80 அங்குலம். சுற்றிலும் 4 அங்குலக் கரை வைத்தால் 56-க்கு 88. சிங்கிள் கட்டிலில் இருபுறமும் தாராளமாகத் தொங்கும்.

ஒரு கட்டத்துக்குத் தையலில் போவது, ஓரத்தில் வெட்டி எறிவது எல்லாம் சேர்த்துச் சுமார் 125 சதுர அங்குலத் துணி பிடிக்கும். 60 கட்டத்துக்கு 7,500. ஐந்தரை மீட்டர் நீளமும் 45 அங்குல அகலமும் உள்ள ஒரு சேலையில் இருப்பதோ ஏறக்குறைய 9,700 சதுர அங்குலம்! ஆக, நீங்கள் ஏற்கெனவே வெட்டிவிட்ட அந்த ஒரே சேலை அளவில் முழுப் போர்வையின் மேல்பக்கத்துக்கும் போதும். உங்களுக்கு இனி வேண்டியது வகை. அதற்கு அலமாரியைக் காலி செய்ய வேண்டாம்.

வேண்டிய 7,500-இல் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 2,500 சதுர அங்குலத்தை, வெட்டிய சேலையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 5,000-ஐ 7 பருத்திச் சேலைகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 16 அங்குலம்தான் வெட்ட வேண்டும். ஒரு முழத்துக்கும் குறைவு. அதையும் முந்தானைப் பக்கம் தொடாமல், இடுப்பில் செருகும் உள்முனையிலிருந்து எடுங்கள். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் ஒரு முழம் போனாலும் 5 மீட்டருக்குக் குறையாது, கட்டிக்கொள்ளலாம். வெட்டிய முனையை மடித்துத் தைத்துவிட்டால் வெட்டியதே தெரியாது. ஃபால்ஸ் தைத்திருந்தால் அந்த இடத்தில் முதலில் பிரித்துவிடுங்கள்.

ரவிக்கைத் துண்டு தைக்காமலே கிடக்கும் சேலை ஒன்று உண்டு, கத்தரிப்பூ நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தனியே வையுங்கள். அதற்கு முக்கியமான வேலை இருக்கிறது.

முழுதாக வெட்ட வேண்டியது இன்னும் ஒரே ஒரு சேலைதான், அது போர்வையின் அடிப்பக்கத்துக்கு. 94 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு எடுத்து நடுவில் இணைக்க வேண்டும், அதற்கு 4.8 மீட்டர் போகும். முந்தானை கிழிந்தோ கறைபட்டோ இனி யாரும் கட்ட முடியாத சேலை எதுவோ, அதைத் தேர்ந்தெடுங்கள். மிருதுவாகத் துவைந்த சேலையானால் இன்னும் நல்லது. உடம்பில் படும் பக்கம் அதுதான்.

இந்தக் கணக்கை அக்காவிடம் அப்படியே சொல்லுங்கள். '14 சேலையையும் வெட்டப்போகிறாள்' என்று அவர் நினைத்திருக்கலாம். ஏழு சேலையில் ஆளுக்கு ஒரு முழம் என்றால் அது வேறு பேச்சு. எந்தச் சேலையைத் தொடவே கூடாது என்பதை அவரே சொல்லட்டும். இருவருக்கும் பொதுவான தாயின் உடைமை, அவர் சம்மதம் கிடைக்கும்வரை அடுத்த வெட்டு வேண்டாம். இதில் அவசரப்பட்டால் சேலையை மட்டுமல்ல, உறவையும் ஒட்டுப்போட நேரும்.

இறந்தவர் துணியை வெட்டுவது ஆகாது என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும், அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் பாட்டியின் பழைய பருத்திச் சேலையில் பிள்ளைக்குத் தூளி கட்டுவதும், கிழித்துத் துணி விரிப்பதும் நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பவைதான். கடல் கடந்தும் இப்படித்தான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண்மணி, காலமான கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். ஒட்டுத்துணிக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். கூறைப்புடவையை மட்டும் தொடாதீர்கள். சாத்திரத்துக்காகச் சொல்லவில்லை, அது பட்டு, ஜரிகை வேறு.

எது உள்ளே, எது வெளியே

எந்தத் துணி என்ன நூல் என்று தெரியாவிட்டால் ஓரத்தில் சில நூல் இழைகளைப் பிரித்து, எவர்சில்வர் தட்டின் மேல், இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் நசுங்கும் கரியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். 'காட்டன்' என்று சொல்லி வாங்கிய பல துணிகளின் குட்டு இதில் வெளிப்படும்.

பட்டுச் சேலை ஐந்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். டோபிக் கடைச் சூட்டில் பட்டு சுருங்கும், பளபளப்புப் போகும். ஜரிகை கறுக்கும், சருமத்தில் உரசும், ஊசி முனையையும் மழுங்கடிக்கும். பழைய பட்டு மடிப்பு விழுந்த கோட்டிலேயே விரிசல் விடுவதும் உண்டு. மடிப்பின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து மெல்ல இழுத்தால் தெரிந்துவிடும். பட்டில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், நான்கு கட்டம் தைத்து 16 அங்குலத் திண்டு உறை ஒன்று செய்யுங்கள், அதற்கு ஒரு சேலையின் ரவிக்கைத் துண்டே போதும். அதை அக்காவுக்குக் கொடுத்தாலும் தப்பில்லை.

ஜார்ஜெட் வேண்டாம். பெரும்பாலும் அது பாலியெஸ்டர், பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஜெர்சியும் வேண்டாம். இழுபடும் பின்னல் துணியை, பின்னால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பசைத்துணி வைத்து இஸ்திரி போட்டு விறைப்பாக்கினால் தைக்கலாம்தான், ஆனால் ஒரு ஜெர்சிக்காக அத்தனை பாடு தேவையில்லை.

சீருடை வரலாம். பினஃபோர் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தது, சற்றுத் தடிமனானது, அதற்கு நடுத்தரச் சூடுதான். அந்த டர்க்கோய்ஸ் நிறமோ மலேசியாவில் பள்ளிக்குப் போன எந்தப் பெண்ணுக்கும் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அதனாலேயே கவனமாகப் பயன்படுத்த வேண்டும். எல்லாக் கட்டத்திலும் வைத்தால் போர்வை சீருடையாகிவிடும். மூன்று கட்டத்துக்கு ஒன்றில் ஒரு மெல்லிய கீற்று, அவ்வளவுதான்.

பாத்தேக் நல்ல துணி, நெசவு நெருக்கமானது, பிரியாது. சாயத்தைத்தான் சோதிக்க வேண்டும். வெள்ளைத் துணியை ஈரமாக்கி மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி சாயம் விடும். கத்தரிப்பூ ரவிக்கைத் துண்டுக்கும், அரக்கு, கருநீலச் சேலைகளுக்கும் இதே சோதனை.

உப்பும் வினிகரும் சாயத்தை நிறுத்தும் என்பது பரவலாக நம்பப்படும் விஷயம். சாயத் தொட்டியில் பருத்தி நூல் நிறத்தை இழுத்துக்கொள்ள உப்பு உதவும். பட்டு, கம்பளிக்குப் போடும் சில சாயங்களுக்கு வினிகர் போன்ற புளிப்பு உதவும். சாயமேறி, தைத்து, கட்டி, துவைத்து முடிந்த பருத்தியில் இரண்டும் ஒன்றும் செய்யாது. செய்ய வேண்டியது, வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு அடர் நிறத் துணியையும் தனியாக, சுடுநீரில் போதுமான சோப்புத்தூளோடு, தண்ணீர் தெளிவாக வரும்வரை துவைப்பது. நான்கு துவைப்புக்குப் பிறகும் நிறம் கரைந்தால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

தைப்பூச வேட்டிக்கு வருவோம். கடையில் மஞ்சள் சாயமேற்றியது என்றால் வரலாம். மஞ்சள்தூளில் நனைத்தது என்கிறீர்கள், அப்படியானால் வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும், சோப்பின் காரம் பட்டால் செம்மண் நிறமாகும். தெரிந்துகொள்ள, ஒரு மூலையில் சோப்புத்தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வேலிலும் பாற்குடத்திலும் பட்ட துணியைக் காலடியில் கிடக்கும் போர்வையில் சேர்க்கலாமா என்பது தனிக் கேள்வி. அதைத் தம்பியிடமே கேளுங்கள்.

துணிகள் எல்லாவற்றையும், வேட்டியையும் சேர்த்து, வெட்டும் முன் ஒருமுறை டோபிக் கடையிலேயே சூடாகத் துவைத்து உலர்த்தி எடுங்கள். சுருங்க வேண்டியவை இப்போதே சுருங்கட்டும். அதன் பிறகு தொய்ந்துபோன பழைய பருத்திக்கு மட்டும் மெல்லிய கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் வெட்டும்போது நழுவாது. போர்வை முடிந்ததும் கஞ்சி போகத் துவைத்துவிட வேண்டும், இல்லையேல் கரப்பான் தேடி வரும்.

கட்டம் ஏன் வளைந்தது?

உங்கள் கை மோசமில்லை, முறைதான் தவறு. கீற்றுகளை ஒன்றோடொன்று தைத்து, பிறகு மூலைவாட்டில் சதுரமாக வெட்டினால், சதுரத்தின் நான்கு ஓரமும் கிராஸில், அதாவது நெசவு நூலுக்குச் சாய்வாக, வந்துவிடுகிறது. கிராஸ் வெட்டுத் துணி இழுத்த பக்கம் போகும் என்பது பாவாடை தைத்தவர்களுக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டியின் கனமே அதை வளைக்கப் போதும். அதனால்தான் ஸ்ட்ரிங் குவில்ட்டில் அடியில் ஒன்றை வைத்து, அதன் மேல் கீற்றுகளைத் தைக்கிறோம். இழுபடாமல் பிடித்துக்கொள்வது அந்த அடித்தளம்.

அடித்தளம் காகிதமாகவும் இருக்கலாம், துணியாகவும் இருக்கலாம். 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் அமெரிக்கப் பெண்கள் துணிக்குப் பஞ்சமானதால் செய்தித்தாளையும் பழைய விலைப்பட்டியல் தாள்களையும் வைத்துத் தைத்தார்கள். காகிதத்தைப் பிரிக்காமல் விட்ட பழைய கட்டங்கள் சில கிடைத்திருக்கின்றன. அதில் தெரியும் அச்செழுத்தை வைத்து அவற்றின் காலத்தைக் கணிப்பதும் உண்டு. உங்களுக்குக் காகிதம் வேண்டாம் என்பேன். செய்தித்தாள் மை வெளிர் துணியில் ஏறும். காகிதம் கிழிபட 1.5 மில்லிமீட்டரில் பொடித் தையல் போட வேண்டும். பிறகு 60 கட்டத்திலும் காகிதத்தைப் பிய்த்தெடுக்க வேண்டும். பிய்க்கும்போது நெசவு தளர்ந்த பழைய கைத்தறிச் சேலையில் தையல் இழுபட்டு வாய் விரியும்.

அப்பாவின் வேட்டி இருக்கிறதே! 9 அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். கரையை விட்டு அகலத்தில் 5 வரும். 12 வரிசைக்கு 108 அங்குலம், அதாவது 2.75 மீட்டர். எட்டு முழ வேட்டி ஒன்றே போதும். நூல் நேரம் பார்த்து, அதாவது நெசவு நூல் ஓடும் திசைக்கு நேராக, வெட்ட வேண்டும் என்பதுதான் முக்கியம். அடித்துணியும் கிராஸில் போனால் மறுபடி வில்தான்.

தைக்கும் வரிசை இப்படி. அடித்துணியில் மூலையிலிருந்து மூலைக்குப் பென்சிலால் கோடு போடுங்கள். ஒன்றரை அங்குல அகலமும் 13 அங்குல நீளமும் உள்ள நடுக்கீற்றை, நல்ல பக்கம் மேலே தெரிய, கோட்டின் மேல் வையுங்கள். அதன் மேல் இரண்டாவது கீற்றை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்து, கால் அங்குலம் விட்டு, அடித்துணியையும் சேர்த்துத் தையுங்கள். புரட்டி இஸ்திரி போடுங்கள். அடுத்தது நடுக்கீற்றின் மறுபக்கம். இப்படி இருபுறமும் மூலை மூடும்வரை போக வேண்டும். ஒரு பக்கத்துக்கு 4 அல்லது 5 கீற்று பிடிக்கும். 11 அல்லது 12 நம்பர் ஊசியும் 2.2 மில்லிமீட்டர் தையலும் போதும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. புரட்டியதும் நகத்தால் நீவிவிட்டு அடுத்த கீற்றை வைத்தால், அடியில் ஒரு நூல் அளவு (தையல் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மடிப்பு மறைந்து நிற்கும். ஐந்து கீற்றில் அது சேர்ந்து கட்டம் கொப்பளிக்கும். ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி வேண்டும், சோம்பல் கூடாது. இரண்டாவது, அடர் நிறத்துக்குப் பிறகு வெளிர் கீற்று வரும்போது, உள்ளே மடங்கும் அடர் ஓரம் வெளிர் துணி வழியாக நிழலாகத் தெரியும். அந்த அடர் ஓரத்தை மட்டும் ஒரு நூல் குறைத்து நறுக்கிவிட்டால் தெரியாது. மூன்றாவது, மூலையில் குறுகிய கீற்றில் போய் முடிப்பது. கட்டங்களை இணைக்கும் தையல் அதை விழுங்கி, பயறு அளவு முக்கோணம்தான் மிஞ்சும், தடிமனும் கூடும். கடைசிக் கீற்று மூலையிலிருந்து குறைந்தது ஒன்றரை அங்குலமாவது தெரிய வேண்டும்.

முடிந்ததும் கட்டத்தைக் கவிழ்த்து, நூல் நேரத்தை வைத்து எட்டரை அங்குலச் சதுரமாக நறுக்குங்கள். அடித்துணியை 9 அங்குலமாக வெட்டச் சொன்னது இதற்குத்தான். தைக்கத் தைக்கக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். நறுக்கிய உடனே ஓரத்திலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளிச் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிட்டால் கீற்று முனைகள் பிரியாது.

கந்தல் போல் தெரியாமல் இருக்க

மகள் சொன்னதில் உண்மை இருக்கிறது. நீங்கள் எல்லாக் கீற்றையும் 2 அங்குலமாக வெட்டி, நிறம் நிறமாகக் கலந்துவிட்டீர்கள். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. பலவகைத் துணி சேரும்போது நிறத்தைப் பொருத்தப் பார்க்காதீர்கள், அது முடியாத வேலை. பச்சைக்கும் சிவப்புக்கும் பாத்தேக் பூவுக்கும் சுங்குடிப் புள்ளிக்கும் பொருத்தம் பார்த்தே நாள் போய்விடும். பார்க்க வேண்டியது வெளிர், அடர் என்ற வேறுபாட்டை. எல்லாத் துணியையும் கட்டிலில் பரப்பிக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். நிறம் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். கண்ணுக்கு 'பளிச்' என்ற சிவப்பு, படத்தில் கருப்பாக நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். அந்தப் படத்தை வைத்து இரண்டு குவியலாகப் பிரியுங்கள். இரண்டிலும் சேராத நடுத்தரத் துணி, எந்தக் குவியல் சிறியதோ அதற்குப் போகட்டும்.

இப்போது ஒரே ஒரு விதி. ஒவ்வொரு கட்டத்திலும் நடுக்கீற்றின் ஒரு பக்கம் முழுக்க வெளிர், மறுபக்கம் முழுக்க அடர். நடுக்கீற்று 60 கட்டத்திலும் அந்தக் கத்தரிப்பூ ரவிக்கைத் துணிதான். 80 சென்டிமீட்டர்த் துண்டில் ஒன்றரை அங்குலமாக 20 பட்டி எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்றாக நறுக்கினால் கணக்காக 60 வரும். உபரி அதிகம் இல்லை, அளந்து வெட்டுங்கள். நான்கு கட்டங்களின் வெளிர் மூலைகளை ஒன்றாகச் சேர்த்தால், கத்தரிப்பூக் கோட்டுக்குள் ஒரு வெளிர் வைரம் நிற்கும். பக்கத்து நான்கோடு சேரும் இடத்தில் தானாக ஓர் அடர் வைரம் வரும். கீற்றுகளுக்குள் நீங்கள் எவ்வளவு தாறுமாறாகப் போனாலும் இந்தக் கட்டுக்கோப்பு போர்வையைத் தாங்கிக்கொள்ளும்.

அகலத்தை மாற்றுங்கள். வெட்டி வைத்த 2 அங்குலக் கீற்றுகளில் பாதியை ஒன்றரையாகவும், ஒன்றேகாலாகவும் குறைத்துக்கொள்ளலாம். ஓர் அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம், தைத்தபின் அரை அங்குலம்தான் மிஞ்சும், தடித்துப்போகும். ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் சில கீற்று இருந்தால் கோடுகள் லேசாகச் சாய்ந்து உயிர் வரும். பருத்திச் சேலைக் கரையை நீளவாட்டில் அப்படியே ஒரு கீற்றாக எடுத்து அங்கங்கே வையுங்கள், அது யாருடைய சேலை என்று பார்த்த உடனே தெரியும். பெரிய பூப்போட்ட பாத்தேக்கைக் குறுகலாக வெட்டினால் பூ போய்விடும். அதை இரண்டரை அங்குலமாக மூலைக்கு வையுங்கள், மீதியைச் சுற்றுக்கரைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே துணி ஒரு கட்டத்தில் இரண்டு தடவை வராமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்றபடி பையில் கைவிட்டு வருவதைத் தையுங்கள்.

பஞ்சு, அடுக்கு, முடிப்பு

பஞ்சே வேண்டாம். மேலே கீற்று, நடுவில் வேட்டி, கீழே சேலை என்று ஏற்கெனவே மூன்றடுக்கு ஆகிவிட்டது. நம் புழுக்கத்துக்கு, மின்விசிறிக்குக் கீழே அதுவே போதும். பருத்திப் பஞ்சு வைத்தால் காய நேரம் பிடிக்கும், மழைநாளில் அரைகுறையாகக் காய்ந்து மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பஞ்சு இல்லாததால் இன்னொரு வசதி, உள்ளே நகர்ந்துபோக எதுவும் இல்லை. கட்டங்களின் இணைப்புத் தையல் மேலேயே, 8 அங்குலத்துக்கு ஒரு வரி என்று நேராக மெஷினில் ஓட்டி மூன்றையும் பிடித்துவிடலாம்.

கட்டங்களை இணைக்கும்போது, கத்தரிப்பூக் கீற்றுகள் சந்திக்கும் இடத்தில் இருபுறத் தையலிலும் குண்டூசி குத்திப் பிடித்த பிறகே தையுங்கள். அங்கே அரை நூல் தவறினாலும் வைரத்தின் கோணம் உடைந்து கண்ணில் உறுத்தும். அடுக்கு கூடுவதால் இணைப்புத் தையலை இருபக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். ஓரப்பட்டிக்கு வெட்டி மிஞ்சிய 2 அங்குலக் கீற்றுகளே ஆகும். 300 அங்குலம் வரும்படி ஒன்றாக இணைத்து, நீளவாட்டில் இரண்டாக மடித்துத் தைத்தால் மெல்லிய, உறுதியான ஓரம் கிடைக்கும்.

60 கட்டத்தையும் தைத்துவிட்டுச் சோதிக்க வேண்டாம். முதலில் 4 கட்டம் தைத்து இணையுங்கள், ஓரம் முதல் ஓரம் பதினாறரை அங்குலம் இருக்கும். அடிச்சேலையிலிருந்து ஒரு துண்டு வைத்துப் பிடித்து, வெள்ளைத் துவாலை ஒன்றோடு டோபிக் கடையில் போட்டு, மகள் எப்படிப் போடுவாளோ அதே சூட்டில் துவைத்து உலர்த்துங்கள். வெளியே எடுத்ததும் மூன்றைப் பாருங்கள். துவாலையில் நிறம் ஏறியிருக்கிறதா, எந்தக் கீற்றாவது தையலில் வாய் விட்டிருக்கிறதா, அளவு 16-க்குக் கீழே போயிருக்கிறதா. நிறம் ஏறியிருந்தால் குற்றவாளித் துணியை நீக்குங்கள். வாய் விட்ட துணிக்கு இனி கால் அங்குலத்தைவிடச் சற்று அதிகம் விட்டுத் தையுங்கள். 16-க்குக் கீழே சுருங்கியிருந்தால் துணிகளை இன்னொரு தடவை சூட்டில் துவைத்த பிறகே மீதி 56 கட்டங்களுக்கு வெட்டுங்கள். அந்த நான்கு கட்டத்தை மகளிடம் காட்டி, எந்தத் துணி கூட வேண்டும், எது வேண்டாம் என்று அவளையே கேளுங்கள். படுக்கப்போவது அவள்தானே.